ஒரு முனையில் மட்டும்

பெங்களூரில் கருவியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் மாணவி ஒருவருக்கு, அவருடைய தந்தை ஓட்டிவந்த 2003-ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார் வந்து சேர்ந்தது. தந்தைக்குக் கண்பார்வை மங்கிய பிறகு, சேலத்து வீட்டு வாசலில் எட்டு மாதம் அசையாமல் நின்றிருந்த வண்டி அது. விற்றால் பழைய இரும்பின் விலைக்குத்தான் போகும் என்றார்கள். விற்க மனம் வராமல், ஓசூர் வழியாக அவரே அதைப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். ஆய்வகத்திலிருந்து இரவு பத்து மணிக்கு மேல் வீடு திரும்ப அது உதவும் என்பது தந்தையின் எண்ணமாகவும் இருந்தது.

வண்டியில் ஒரு கோளாறு இருந்தது. 2500 சுற்றைத் தாண்டிய வேகத்தில், எஞ்சின் சில வேளைகளில் ஒரு கணம் அணைந்து மீண்டும் உயிர்பெறும். அந்தக் கணத்தில் ஆர்.பி.எம். முள் பூஜ்யத்துக்கு விழுந்து எழும். முதலில் இது எரிச்சலாக மட்டுமே இருந்தது. ஒரு மழை நாள் மாலையில், ஹெப்பால் மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் ஒரு பேருந்து நெருங்கி வந்துகொண்டிருந்தபோது அது நிகழ்ந்தது. அன்று எஞ்சின் மீண்டும் உயிர்பெற இரண்டு நொடிகளுக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு அவர் அதைச் சிறு கோளாறு என்று சொல்லவில்லை.

ஒரு பணிமனையில் கிராங்க் சென்சாரை மாற்றினார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது. பிறகு பழைய கதைதான். அடுத்த முறை எரிபொருள் பம்பை மாற்றலாம் என்றார்கள். அப்போதுதான் அவர், வண்டி சொல்லிக்கொண்டிருந்த செய்தியைக் கவனித்தார். எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்துக்கு விழுகிறது என்றால், குறைந்துபோனது எரிபொருள் அன்று. எஞ்சின் சுழல்கிறது என்ற தகவலே கணினிக்குப் போய்ச் சேரவில்லை.

அந்தத் தகவல் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். இந்தத் தலைமுறைக் கார்கள் பலவற்றில், கிராங்க் தண்டோடு சுழலும் ஒரு பல்சக்கரம் இருக்கும். 60 பற்களுக்கு இடம் வைத்து, அதில் 2 பற்களை மட்டும் வெட்டி எடுத்திருப்பார்கள். எஞ்சியவை 58. சக்கரத்திலிருந்து சுமார் ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும் நிற்கும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது காந்தப் பாயம் மாறி, சுருளில் ஒரு சிறு மின்னழுத்த அலை எழும். கணினி அந்த அலைகளை எண்ணிக்கொண்டே வரும். இரண்டு பல் இல்லாத இடைவெளி வரும்போது, பிஸ்டன்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளும். எந்தக் கணத்தில் தீப்பொறி, எந்தக் கணத்தில் பெட்ரோல் என்ற முடிவெல்லாம் இந்த எண்ணிக்கையைப் பற்றிக்கொண்டே நடக்கிறது.

இந்த சென்சாருக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம். அது எளிய, நீண்ட ஆயுள் கொண்ட கருவி. ஆனால் அதன் குரல் வேகத்தைப் பொறுத்தது. எஞ்சின் 6000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 5800 அலைகள், ஒவ்வொன்றும் பல பத்து வோல்ட் உயரத்துக்குப் போகக்கூடும். சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போது வேகம் 200 சுற்றுதான். அப்போது அலையின் உயரம் ஒரு வோல்ட்டுக்கும் கீழே நிற்கும். சென்சார் மிக மெல்லிய குரலில் பேசும் அந்த நேரத்தில்தான், 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் அருகிலேயே இயங்குகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு வேறு இரைச்சல்கள் சேர்கின்றன. நான்கு சிலிண்டர் எஞ்சினில் 3000 சுற்றில் நொடிக்கு 100 முறை ஸ்பார்க் பிளக்குகள் வெடிக்கின்றன. அந்தக் கம்பிகளில் பத்தாயிரக்கணக்கான வோல்ட் ஏறி இறங்குகிறது. இவற்றில் ஒரு துளி சென்சார் கம்பிக்குள் கசிந்து, ஒரே ஒரு போலி அலையாகத் தோன்றினாலும் போதும். 58 பற்களை எதிர்பார்த்த கணினி 59 எண்ணும். கணக்குத் தப்பியதும், தவறான நேரத்தில் தீப்பொறி கொடுப்பதைவிட எதையும் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று அது நிறுத்திவிடும். ஓட்டுநருக்கு அது எஞ்சின் அணைந்ததாகத் தெரியும்.

இதற்காகத்தான் அந்தக் கம்பிகளுக்குக் கவசம் இருக்கிறது. கடத்தியால் சூழப்பட்ட இடத்துக்குள் வெளி மின்புலம் நுழையாது என்று மைக்கேல் ஃபாரடே 1836-இல் காட்டினார்; சென்சார் கம்பியைச் சுற்றியுள்ள செப்புப் பின்னலும் அந்தக் கூண்டின் நீண்ட, வளையக்கூடிய வடிவமே. ஆனால் அது மின்புலத்தைத்தான் தடுக்கும். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றின் பெரிய மின்னோட்டங்கள் எழுப்பும் தாழ்ந்த அதிர்வெண் காந்தப்புலம் செப்புப் பின்னலைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. அதற்கு மருந்து, உள்ளே உள்ள இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்குவது. அடுத்தடுத்த முறுக்குகளில் தூண்டப்படும் மின்னழுத்தங்கள் எதிரெதிர்த் திசையில் அமைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தொலைபேசிக் கம்பிகளுக்கு இந்த முறையை அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-இலேயே காப்புரிமை பெற்றார். ஆக, முறுக்கு ஒரு வேலையும் கவசம் இன்னொரு வேலையும் செய்கின்றன. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

மாணவிக்கு இவையெல்லாம் தெரியும். பாடமாகப் படித்தவர், இளநிலை மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பில் கற்பித்தவரும்கூட. ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து சென்சார் கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனபோது, காரணம் கையில் அகப்பட்டது. என்றோ நடந்த ஒரு பழுதுநீக்கத்தில், வெப்பத்தால் இறுகி வெடித்த பழைய கேபிளை ஓர் அடி நீளத்துக்கு வெட்டிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு சாதாரணக் கம்பிகளைச் சேர்த்திருந்தார்கள். முறுக்கும் இல்லை, கவசமும் இல்லை. அந்த ஓர் அடியும் ஸ்பார்க் பிளக் கம்பிகளை ஒட்டியே கிடந்தது.

அன்று மாலையே அவர் ஆய்வகத்தில் மிச்சமிருந்த கவசக் கேபிள் ஒன்றைக் கொண்டுவந்து அந்த இடைவெளியை நிரப்பினார். சால்டரிங் செய்து, ஸ்லீவ் போட்டு, பழைய பின்னலோடு புதிய பின்னலைச் சேர்த்தார். சென்சார் பக்கம் பின்னலின் நுனி வெறுமனே தொங்கியது. எஞ்சின் உடம்பில் பக்கத்திலேயே ஒரு போல்ட் இருந்தது. கணினிப் பக்கத்தில் கவசம் ஏற்கெனவே எர்த் ஆகியிருக்கிறது. இந்தப் பக்கமும் எர்த் செய்துவிட்டால் இன்னும் உறுதி என்று நினைத்து, நுனிக்கு ஒரு வளையம் மாட்டி அந்த போல்ட்டில் முடுக்கினார்.

ஓடும்போது அணைவது நின்றது. ஆனால் நான்கு நாள் கழித்து, காலையில் வண்டி கிளம்ப மறுத்தது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, முள் மட்டும் பைத்தியம் பிடித்ததுபோல் துள்ளுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஏழெட்டு முயற்சிக்குப் பிறகு ஓடியது. அடுத்த வாரம் அதுவும் நடக்கவில்லை.

சிவாஜிநகரில், உதிரிபாகக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், கார் எலெக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். அறுபதைக் கடந்தவர். வீட்டில் உருதும் கடையில் தமிழும் கன்னடமும் பேசுபவர். ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் சொல்லி, மாணவி வண்டியை அங்கே இழுத்துக்கொண்டு போனார். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது இதுதான்: "ஷீல்டுக்கு எர்த் எங்கேம்மா புடிச்சீங்க?"

"ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கேன் பாய்."

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு பக்கமும் புடிச்சா அது ஷீல்டு இல்லம்மா, எர்த் வயர். வண்டியோட எர்த் வேலைய அது செய்ய ஆரம்பிச்சிடும்" என்றார்.

மாணவி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் இடையிலான எர்த்தைத் தாமே அளந்து பார்த்ததாகவும், மல்டிமீட்டரில் 0.2 ஓம் காட்டியதாகவும் சொன்னார். "ஓம்ல வெச்சுப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் காட்டும். லோடு குடுத்துப் பாருங்க" என்ற பாய், மல்டிமீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து, உதவியாளரிடம் சாவியைத் திருப்பச் சொன்னார். ஸ்டார்ட்டர் சுழன்றபோது மீட்டர் 0.9 வோல்ட் காட்டியது.

அந்த எண்ணுக்குள் முழுக் கதையும் இருந்தது. ஸ்டார்ட்டர் 120 ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், 0.9 வோல்ட் இழப்பு என்பது 7.5 மில்லி ஓம் மின்தடை. மல்டிமீட்டரின் ஓம் அளவீட்டில் அதன் சொந்தக் கம்பிகளின் மின்தடையே அதைப்போல் பல மடங்கு, 7.5 மில்லி ஓம் அங்கே கண்ணுக்கே படாது. சுமை ஏறும்போது மட்டுமே அது தன்னை வெளிப்படுத்தும். எஞ்சினையும் காரின் உடம்பையும் இணைக்கும் பின்னல் பட்டை, இருபது ஆண்டு மழையிலும் வெப்பத்திலும் பச்சை பூத்து, பாதி இழைகள் அறுந்து கிடந்தது. இந்த வண்டியில் கணினியின் எர்த், டாஷ்போர்டுக்குக் கீழே காரின் உடம்போடு இணைந்திருக்கிறது. ஆகவே சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும், எஞ்சின் ஒரு மின்னழுத்தத்திலும் கணினி வேறொரு மின்னழுத்தத்திலும் நின்றன. அவ்விரண்டுக்கும் நடுவே மாணவி தம் கையால் ஒரு பாலம் போட்டிருந்தார். கவசப் பின்னலின் மின்தடை 0.15 ஓம் என்று வைத்துக்கொண்டால்கூட 6 ஆம்பியர் அதன் வழியே ஓடும். அந்த ஓட்டம் கணினியின் கவச முனை வழியாக உள்ளே நுழைந்து, எந்தப் புள்ளியைப் பூஜ்யம் என்று கொண்டு கணினி சென்சாரின் மெல்லிய அலையை அளக்கிறதோ, அந்தப் பூஜ்யத்தையே ஆட்டிவிடும். ஒலிப்பதிவுத் துறையில் இதே கோளாறு வெகுகாலம் பலரை அலைக்கழித்தது. நீல் மன்சி 1995-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அங்கே அதற்கு ‘முதல் முனைச் சிக்கல்’ என்று பொருள்படும் பெயரே நிலைத்துவிட்டது. போதாக்குறைக்கு, ஆய்வகத்திலிருந்து வந்த கேபிளின் உள்கம்பிகள் முறுக்கப்படாதவை. கவசத்தில் ஓடிய மின்னோட்டத்தின் காந்தப்புலத்திலிருந்து அவற்றைக் காக்க எதுவும் இல்லை.

சரிசெய்யும் வேலை மூன்று மணி நேரத்தில் முடிந்தது. முதலில் எஞ்சின் எர்த் பட்டையை மாற்றினார்கள். இரு முனைகளிலும் உப்புத்தாளால் துருவும் பெயின்ட்டும் போகத் தேய்த்து, பளபளக்கும் உலோகத்தின் மேல் முடுக்கினார்கள். மீண்டும் சாவியைத் திருப்பியபோது இழப்பு 0.15 வோல்ட்டாக இறங்கியது. 0.2 வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும் என்பது பாய் வைத்திருக்கும் கணக்கு. அடுத்து சென்சார் கம்பி. முறுக்கிய, கவசமிட்ட புதுக் கேபிளை இடையில் ஒட்டுப் போடாமல் சென்சார் இணைப்பி வரை கொண்டுபோனார்கள். இணைப்பியின் அருகே முறுக்கைப் பிரித்தது 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. சென்சார் பக்கம் கவசத்தை வெட்டி, எதையும் தொடாதபடி ஸ்லீவால் மூடினார்கள். கணினிப் பக்கம் மட்டும் அதற்கென உள்ள முனையில் இணைப்பு. ஸ்பார்க் பிளக் கம்பிகளைவிட்டு விலக்கி, கடந்தே தீர வேண்டிய ஓரிடத்தில் செங்குத்தாகக் கடக்கவிட்டுக் கட்டினார்கள். சென்சாரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றிவிடக் கூடாது என்பதில் பாய் கண்டிப்பாக இருந்தார். மாற்றினால் அலை தலைகீழாகி, பல்லின் நடுவைக் காட்ட வேண்டிய புள்ளி நகர்ந்து, தீப்பொறியின் நேரமே பிசகிவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. கணினியின் இணைப்பியைக் கழற்றிவிட்டு, கவசத்துக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே அளந்தார்கள். மீட்டர் தொடர்பே இல்லை என்றது. கவசத்துக்கும் சென்சார் கம்பிகளுக்கும் இடையிலும் அப்படியே. ஒரே இடத்தில்தான் எர்த் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. இணைப்பியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும், முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது.

இந்த விதிக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கவசத்தை ஒரு முனையில் மட்டும் இணைப்பது, கேபிளின் நீளம் அலைநீளத்தோடு ஒப்பிட மிகச் சிறியதாக இருக்கும்போது பொருந்தும். காரில் இரண்டு மீட்டர் கேபிள், சில ஆயிரம் ஹெர்ட்ஸ் சமிக்ஞை, ஐயமின்றிப் பொருந்தும். பல மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால் இரு முனையிலும் இணைக்க வேண்டிவரும். நாக் சென்சார் போன்றவற்றுக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் கவசத்தை எங்கே முடித்திருக்கிறார் என்பதை மின்சுற்று வரைபடத்தில் பார்த்தே செய்ய வேண்டும். ஒற்றைக் கம்பியுள்ள பழைய ஆக்சிஜன் சென்சார்களில் நிலைமை இன்னும் நுட்பமானது. அவற்றின் சமிக்ஞை ஏறத்தாழ 0.1 முதல் 0.9 வோல்ட் வரைதான். அதன் திரும்பு பாதையோ புகைக்குழாயும் எஞ்சின் உடம்புமே. அங்கே எஞ்சின் எர்த் கெட்டால், அளவீட்டின் பாதியே கெட்டது என்று பொருள். பழைய வண்டியில் எந்த சென்சாரைச் சந்தேகிப்பதற்கு முன்பும் எர்த் பட்டையைச் சுமையோடு அளப்பது செலவில்லாத முதல் வேலை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். அன்றிரவு மாணவிக்கு உறக்கம் வரவில்லை. "எர்த் வேலைய அது செய்ய ஆரம்பிச்சிடும்" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஆய்வகத்தில் அவருடைய கருவியும் எஃகுச் சட்டகத்தின் மேல்தான் நிற்கிறது. அதே சட்டகத்தில் ஒரு பெரிய மோட்டாரும் இருக்கிறது. அவர் அளப்பது, சுமை ஏற ஏற ஓர் உலோகத் தகட்டில் அதிர்வின் வீச்சு எவ்வளவு கூடுகிறது என்பது. ஸ்ட்ரெய்ன் கேஜ் கொடுக்கும் சமிக்ஞை மிகச் சிறியது. 5 வோல்ட் கொடுத்த பாலச் சுற்றில் ஒரே ஒரு கேஜ் இருந்தால், 100 மைக்ரோஸ்ட்ரெய்னுக்குக் கிடைப்பது 0.25 மில்லிவோல்ட். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வருவது அவருக்குத் தெரியும். மென்பொருளில் அதை வடிகட்டிவிட்டு, மிச்சத்தைப் பல மாதங்களாக நம்பிவந்தார்.

மறுநாள் காலை அவர் செய்த சோதனை எளியது. எந்தச் சுமையும் படாத ஒரு சிறு தகட்டில் இன்னொரு கேஜை ஒட்டி, அதே கேபிளில் இணைத்து, அதே சட்டகத்தில் வைத்து, மோட்டாரை ஓட்டினார். அந்தத் தகடு எதையும் உணர வழியில்லை. ஆகவே சமிக்ஞை இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. மோட்டாரின் சுமையைக் கூட்டியபோது அதுவும் கூடியது. கேபிளின் கவசம் பெருக்கிப் பக்கம் எர்த் ஆகியிருந்தது. கேஜ் பக்கமோ, இணைப்பியின் உலோக உறை சட்டகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. 50 ஹெர்ட்ஸை வடிகட்டிய பிறகும், மோட்டார் இயக்கியின் மற்ற அதிர்வெண்கள் தப்பி வந்து அளவீட்டோடு கலந்திருந்தன. தறிகெட்ட இரைச்சல் என்றால் சராசரியில் கரைந்துவிடும். இதுவோ சுமையோடு சேர்ந்து வளரும் இரைச்சல். வரைபடத்தில் அது கண்டுபிடிப்பைப் போலவே ஏறிக்கொண்டிருந்தது. கணக்கிட்டுப் பார்த்தபோது, தம் கட்டுரையின் மையமாக அவர் வைத்திருந்த ஏற்றத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கேபிளுடையது, தகட்டினுடையது அன்று.

கட்டுரை அனுப்பப்படவிருந்த வாரம் அது. சொல்லாமல் விட்டிருந்தால் மதிப்பீட்டாளர் எவரும் கண்டிருக்க மாட்டார். அவர் நெறியாளரிடம் வரைபடங்களை எடுத்துக்கொண்டு போனார். நெறியாளர் வெகுநேரம் பேசாமல் இருந்தார்; பிறகு, எத்தனை வாரம் ஆகும் என்று மட்டும் கேட்டார். பதினொரு வாரம் ஆனது. எல்லா அளவீடுகளும் மீண்டும் எடுக்கப்பட்டன. கிடைத்த முடிவு முன்னதைவிடச் சிறியது. ஆனால் சுமையற்ற தகட்டில் இப்போது மீட்டர் அமைதியாக இருக்கிறது. கட்டுரையின் செய்முறைப் பகுதியில் புதிதாக ஒரு வாக்கியம் சேர்ந்தது: கேபிள் கவசம் பெருக்கியின் முனையில் மட்டும் எர்த் செய்யப்பட்டது.

ஆய்வகங்களில் விதிகள் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றன. எல்லோரும் அவற்றை அறிவார்கள், தேர்வில் எழுதுவார்கள். ஆனால் எர்த் என்பது பூஜ்யம் என்று எழுதப்பட்ட ஒரு புள்ளி என்றே மனம் எண்ணிக்கொள்கிறது. சுற்று வரைபடத்தில் அது மூன்று கோடுகளால் ஆன ஒரு குறி. எங்கே போட்டாலும் ஒன்றுதான். வண்டியிலோ அது துருப்பிடிக்கும் ஒரு பட்டை, 120 ஆம்பியர் ஓடும் ஒரு பாதை. அந்த வேறுபாட்டைச் சிவாஜிநகர் சந்தில் இருப்பவர் நாள்தோறும் கையால் தொடுகிறார். படித்தவருக்கு அது தெரிந்திருந்தும், இன்னொரு முனையையும் முடுக்கிவிட்டால் நல்லதுதானே என்ற எண்ணத்தை அந்த அறிவு தடுக்கவில்லை.

பதினொரு வாரம் கழித்து, ஆயில் மாற்றப் போனபோது, மாணவி இந்தக் கதையைப் பாயிடம் சொன்னார். அவர் வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மெஷினுக்கு எர்த் பட்டைய லோடு குடுத்துப் பாத்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தார்.